மலைநாட்டு மரங்களைக் கிளை கழித்தலும் பேணலும்

தேயிலை மலைகளின் ஓரத்தில் கோவா, கரட், லீக்ஸ், உருளைக்கிழங்கு ஆகியன செய்வோருக்கும், அம்மலைகளின் அடியிலுள்ள பள்ளங்களில் நெல் விளைவிப்போருக்கும் மரங்களோடு நாளாந்தம் தொடர்புண்டு. பாத்தியின்மேல் நிழல் விழுத்தும் மரம், வேலியில் நிற்கும் முள்ளுமுருக்கு, லயத்தின் பின்புறத்தே வானளாவி நிற்கும் யூக்கலிப்டசு ஆகியவற்றை நட்டவர் வேறு; அவற்றின் பயனையும் அபாயத்தையும் அடைபவர் வேறு. இம்மரங்களில் ஏதேனும் ஒன்று இடையூறு செய்யும்போது, கையில் கத்தியும் நெஞ்சில் துணிவும் உடைய ஒருவரை அழைத்து, அகப்பட்ட கிளையை அகப்பட்ட இடத்தில் வெட்டிவிடுவதே பெரும்பாலும் நடைபெறுகின்றது. அவ்வெட்டினால் விளையும் கேடு அன்றே தெரிவதில்லை. ஐந்து அல்லது பத்து ஆண்டுகளின் பின்னர், காற்று மிகுந்த ஓரிரவில் அது தெரியவரும். அப்பொழுது மரத்தின் கீழ் உள்ளோர் அன்று கிளை வெட்டியவராய் இருக்க வேண்டியதில்லை.

மரங்களைப் பேணுந் தொழில் மேனாடுகளில் தனித்தொழிலாக வளர்ந்துள்ளது. இங்கிலாந்திற் பிறந்து அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திற் குடியேறிய யோன் டேவி என்பவர் மர வைத்தியம் பற்றிய தமது நூலை 1901ஆம் ஆண்டில் வெளியிட்டார். மலைநாட்டில் அத்தகைய பெயர் பூண்ட தொழிலாளர் இல்லையெனினும், தோட்டங்களில் நிழல்மரம் கழித்துப் பழகியோர் அத்தொழிலின் பாதியைக் கைப்பழக்கத்தாலேயே அறிவர். எஞ்சிய பாதி, வெட்டுப்பட்ட மரம் தன்னுள்ளே என்ன செய்கின்றது என்பதை அறிவதாகும்.

மலைநாட்டு மரங்கள்

கோப்பிச் செய்கை 1869ஆம் ஆண்டிற் தோன்றிய இலைத்துரு நோயினால் அழிவுற, யேம்சு டெயிலர் என்பார் 1867இல் லூல்கந்துரைத் தோட்டத்திற் தொடக்கியிருந்த தேயிலைச் செய்கை அதன் இடத்தைப் பெற்றது. தேயிலையோடு நிழல்மரங்களும், காற்றுத் தடைகளும், விறகு மரங்களும் வந்தன. தோட்டங்களில் சவுக்கு எனப்படும் கிரவிலியா அவுத்திரேலியாவைச் சேர்ந்தது; கடற்கரையில் வளரும் சவுக்கு வேறு. டர்பன்டைன் என்று தொழிலாளர் கூறும் யூக்கலிப்டசு வகைகளும் அந்நாட்டினவே. உயர் நிழலுக்குக் கிரவிலியாவும், இடைநிழலுக்கு முள்ளுமுருக்கும், தாழ்ந்த வெப்பமான இடங்களிற் கிளிரிசிடியாவும் நிறுத்தப்படுகின்றன.

1946ஆம் ஆண்டிலே தேயிலைக் கொப்புள நோய் இலங்கையிற் காணப்பட்டது. அந்நோயை உண்டாக்கும் பங்கசு ஈரத்தையும் மூட்டத்தையும் விரும்புவது. அதன் பின்னர், மழை தொடங்குமுன் இடைநிழல் மரங்களைக் கழித்துத் தேயிலைக்கு ஒளியும் காற்றும் விடுதல் தோட்ட வேலைகளில் முக்கியமாயிற்று. மரக்கறிப் பாத்திகளுக்கும் இதே நியாயம் பொருந்தும். உருளைக்கிழங்கிற் பிற்கூற்று வெளிறல் நோய் முதலிற் தலைகாட்டுவது பெரும்பாலும் காலை வெய்யில் தாமதமாக விழும் பாத்தியிலேயே என்பதைக் கமக்காரர் கண்டிருப்பர்.

காயமும் மரமும்

மனிதனின் தோலிற் காயம்பட்டால், கெட்ட தசை நீங்கி அதே இடத்திற் புதிய தசை வளர்கின்றது. மரத்தில் அவ்வாறு நிகழ்வதில்லை. வெட்டுப்பட்ட மரக்கட்டை மீண்டும் உயிர் பெறாது. மரம் செய்வதெல்லாம் அவ்விடத்தைச் சுற்றி உள்ளே அடைப்பு வைத்து, வெளியே புதிய பட்டையால் மூடுவதேயாகும். உள்ளே வைத்த அடைப்பு உறுதியாயின், அழுகல் அதனுள்ளேயே நின்றுவிடும். அடைப்பு உடைந்தாற் தண்டினுட் பரவும். ஆகவே, மரங் கழிப்பவரின் கடமை காயத்தை ஆற்றுவதன்று. மரம் அடைப்பு வைக்கக்கூடிய இடத்திற் காயத்தை உண்டாக்குவதே.

பட்டைக்கும் கட்டைக்கும் இடையே மாறிழையம் என்னும் மெல்லிய படை உண்டு. புதிய பட்டையும் புதிய கட்டையும் தோன்றுவது அதிலிருந்தே. இதன் வலிமையை மலைநாடு முன்னரே கண்டிருக்கின்றது. 1861ஆம் ஆண்டில் சிங்கோனா மரத்தின் பொருட்டு அக்கலைப் பூங்கா அமைக்கப்பட்டது. கொயினா மருந்து அம்மரத்தின் பட்டையிலிருந்து பெறப்படுவது. பட்டைக்காக மரத்தை வீழ்த்துவது நட்டமென்று கண்டு, நீலகிரியிலே மக்கைவர் என்பவர் பட்டையை நீளவாட்டிற் கீற்றாக உரித்து அவ்விடத்தைப் பாசியால் மூடினார். இலங்கையிற் பட்டையின் வெளிப்புறத்தை மட்டும் சீவி எடுக்கும் முறையும் கையாளப்பட்டது. மாறிழையம் காயாமலும் கீறப்படாமலும் இருந்த இடங்களிற் பட்டை மீண்டும் வளர்ந்தது. அது கெட்ட இடத்தில் வளரவில்லை. கவனமின்றிக் கொத்தப்பட்ட ஒரு கொத்து, மண்வெட்டியின் ஓர் இடி, வேலிக் கம்பிக்காக அறையப்பட்ட ஓர் ஆணி ஆகிய ஒவ்வொன்றும் அப்படையிற் செய்யப்படும் துளையென்று கொள்ளல் வேண்டும்.

கிளை தண்டிலிருந்து புறப்படும் இடத்தை உற்றுநோக்கின், அதன் அடியிற் சிறிது புடைத்த ஒரு வளையம் காணப்படும். சட்டைக் கழுத்து கழுத்தைச் சூழ்வது போல அது கிளையைச் சூழ்ந்திருக்கும். மேற்புறத்திற் கிளைக்கும் தண்டுக்கும் இடையே பட்டை சுருங்கி ஒரு மடிப்பாகத் தோன்றும. வளையம் தண்டுக்கு உரியது. அதற்கு அப்பாலுள்ளதே கிளைக்கு உரியது. மரம் தன் அடைப்பை வைப்பது இவ்வளையத்தினுள்ளேதான். அமெரிக்க வனத்திணைக்களத்தைச் சேர்ந்த அலெக்சு சைகோ என்னும் ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாட்டிற் பிளந்து நோக்கி, மரம் அழுகலைத் தடுக்கும் இம்முறையை 1977ஆம் ஆண்டில் விளக்கி வெளியிட்டார். அதன் பின்னர் மரங் கழித்தலின் பழைய விதிகள் இரண்டு கைவிடப்பட்டன.

அவற்றுள் ஒன்று, கிளையைத் தண்டோடு ஒட்டச் சமமாக வெட்டுதல். பார்வைக்கு அது துப்புரவாகத் தோன்றும். எனினும் வளையமும் சேர்த்து நீக்கப்படுவதால், காயம் இருமடங்கு பெரிதாவதுடன் அடைப்பும் இல்லாது போகின்றது. மற்றையது, வெட்டுவாயிற் தார் பூசுதல். தார் அழுகலைத் தடுப்பதில்லை. சில காலத்தில் அது வெடித்து, வெடிப்பினுள் நீர் தங்கி, பங்கசுக்கு நிழலும் ஈரமும் கொடுக்கின்றது. முன்னாளில் வெளிவந்த அறிவுரைகளிற் பல தார் பூசும்படி கூறியவை. அவற்றை நம்பித் தார் வாங்கி வைத்திருப்போர் அதனை வாயிற் கதவுக்குப் பூசுதல் நன்று. பொந்துகளைச் சீமெந்தினால் நிரப்பும் வழக்கமும் இவ்வாறே விடப்பட்டது. காற்றில் மரம் அசையும், சீமெந்து அசையாது. இரண்டும் உராயுமிடத்தில் அழுகல் விரையும்.

இவற்றிற்கு எதிர்ப்புறத்திலுள்ள தவறு, ஒரு சாண் அல்லது ஒரு முழ நீளக் கட்டையை விட்டு வெட்டுதல். மலைநாட்டில் மிகுதியாகக் காணப்படுவது இதுவே. ஏனெனில் ஏணியில் நிற்பவருக்குக் கை எட்டுமிடம் அதுவாகும். விடப்பட்ட கட்டை உலர்ந்து, அதனூடாக அழுகல் உள்ளே இறங்குகின்றது. அது விழும்வரை பட்டை மூட இயலாது.

கிளையை வெட்டும் முறை

பெருவிரற் பருமனுக்கு மேற்பட்ட கிளையை ஒரே வெட்டில் நீக்கக் கூடாது. பாதி வெட்டியவுடன் கிளை தன் பாரத்தால் முறிந்து, தண்டின் பட்டையை நீளமாக உரித்துக்கொண்டு கீழே வரும். மூன்று வெட்டுகள் வேண்டும். முதலாவது, தண்டிலிருந்து ஏறக்குறைய ஓரடி தள்ளி, கிளையின் அடிப்பக்கத்திலிருந்து மேனோக்கி, பருமனின் மூன்றிலொன்றுக்கு வாளால் அறுத்தல். இரண்டாவது, அவ்விடத்திற்கு இரண்டு மூன்று அங்குலம் அப்பால் மேலிருந்து கீழ்நோக்கி அறுத்தல். கிளை முறிந்தாலும் கீழ்வெட்டோடு நின்றுவிடும், பட்டை உரியாது. மூன்றாவது, பாரம் நீங்கிய கட்டையை இடக்கையாற் தாங்கிக்கொண்டு, மேலே மடிப்பிற்குச் சற்று வெளியேயும் கீழே வளையத்திற்குச் சற்று வெளியேயுமாக அறுத்தல். வளையத்தைத் தொடக் கூடாது. பட்டுப்போன கிளையாயின், அதன் அடியிற் புதிய கட்டை வளையமாகத் திரண்டு வெளிநோக்கி வந்திருக்கும். அது எவ்வளவு தூரம் வந்திருப்பினும் அதற்கு அப்பாலேயே வெட்டுதல் வேண்டும்.

சரியான வெட்டின் அடையாளம் அடுத்த ஆண்டிற் தெரியும். வெட்டுவாயைச் சுற்றிப் புதிய பட்டை எல்லாப் பக்கத்திலும் ஒத்த அளவில் வட்டமாகத் திரளும். இருபக்கங்களில் மாத்திரம் திரண்டு மேலும் கீழும் வெறுமையாய் இருப்பின், தண்டோடு ஒட்ட வெட்டப்பட்டதென அறியலாம். கழித்தவரை அடுத்த முறை அழைப்பதா என்பதை முடிவு செய்ய இதைவிட நல்ல சான்று இல்லை.

ஒரு முறையில் மரத்தின் உயிருள்ள கிளைகளில் நாலிலொரு பங்கிற்கு மேல் நீக்குதல் ஆகாது. இலைகளே மரத்தின் உணவைச் சமைப்பன. அவற்றை மிகுதியாய் நீக்கினால், வேரிற் சேமித்த மாப்பொருள் செலவாகிக் காயத்தை அடைப்பதற்கான வலிமை குன்றும். முதிர்ந்த மரத்திற்கு இன்னுங் குறைவாகவே நீக்குதல் தகும்.

முள்ளுமுருக்கும் கிளிரிசிடியாவும்

மேற்கூறிய நாலிலொரு பங்கு விதிக்கு இவ்விரண்டும் புறநடையாகும். இளமையிலிருந்தே ஆண்டுதோறும் ஒரே உயரத்திற் கழிக்கப்படும் மரம் அதற்குப் பழகிவிடுகின்றது. கழிக்குமிடத்தில் மொழி போலப் புடைத்த ஒரு தலை உண்டாகும். அத்தலையில் மாப்பொருள் செறிந்திருப்பதால், எல்லாக் கொப்புகளையும் நீக்கினும் புதியன விரைவில் வெடித்துவரும். ஆனால் அத்தலையையே வெட்டிவிடக் கூடாது. அதிலிருந்து புறப்பட்ட கொப்புகளை மட்டும், தலையோடு ஒட்டி, கூரிய கத்தியால் கீழிருந்து மேனோக்கி வெட்டுதல் வேண்டும். மேலிருந்து கீழ்நோக்கி வெட்டினாற் கொப்பு கிழிந்து தலையிற் பட்டை உரியும். ஓரிரண்டு சிறு கொப்புகளை இலையோடு விட்டுவைத்தல் மரத்திற்கு ஆறுதல் தரும்.

இவ்வாறு கழித்த தழை கமக்காரருக்கு இலவசமாய்க் கிடைக்கும் பசளையாகும். கிளிரிசிடியாவின் உலர்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று முதல் நான்கு பங்கு வரை நைதரசன் உண்டு. 2005ஆம் ஆண்டில் அரசாங்கம் அதனைத் தேயிலை, இறப்பர், தெங்கு ஆகியவற்றிற்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக அறிவித்தது. கொத்மலை, வலப்பனை போன்ற இடங்களில் நெல் வயல்களுக்கு மேலுள்ள வரம்புகளிலும் வேலிகளிலும் நிற்கும் மரங்களை, வயலை உழுது மிதிக்கும் காலத்திற்குப் பொருந்தக் கழித்து, இளந்தழையைச் சேற்றில் மிதித்துவிடலாம். பருமனான தண்டுகளை ஒதுக்கி விறகுக்கு வைத்துக்கொள்ளல் வேண்டும். மரக்கறிப் பாத்திகளுக்கு இத்தழையை மூடாக்காக இடலாம். யூக்கலிப்டசின் பச்சை இலையை அவ்வாறு இடலாகாது; அதிலுள்ள எண்ணெயும் பிற பொருள்களும் நாற்றுகளின் முளைப்பையும் வேரையும் தடுக்கும்.

உயர்ந்த மரங்களின் தலையை வெட்டுதல்

காற்றுக்கு அஞ்சி, லயத்திற்கு அருகிலுள்ள யூக்கலிப்டசின் தலையைப் பாதியில் வெட்டிவிடும் வழக்கம் பரவியுள்ளது. மரம் குறுகியதால் அபாயமும் குறைந்ததென்று வீட்டார் எண்ணுவர். உண்மையில் அது அபாயத்தைத் தவணை முறையில் வாங்குவதாகும். தண்டின் நடுவில் வெட்டப்பட்ட இடத்தில் வளையம் இல்லை. ஆகவே அடைப்பும் இல்லை. மழைநீர் வெட்டுமுகத்திற் தங்கி அழுகல் கீழ்நோக்கி இறங்கும். அதே வேளையில் வெட்டின் விளிம்பிலிருந்து பல கொப்புகள் புறப்பட்டுச் சில ஆண்டுகளிற் பழைய உயரத்தை எட்டும். இயல்பான கிளை தண்டின் உட்கட்டையோடு பிணைந்திருக்கும். இக்கொப்புகளோ வெளிப்படையில் மட்டும் ஒட்டியிருப்பன. அழுகிய அடியின்மேல் பாரமான கொப்புகள் நிற்பதே முடிவு.

ஆதலால் அத்தகைய மரத்தில் இரண்டில் ஒன்றே செய்தல் தகும். மரம் உறுதியாயின், பட்ட கிளைகளையும், கூரைமேல் நீண்டுள்ள கிளைகளையும், ஒன்றோடொன்று உராய்வனவற்றையும் முறைப்படி நீக்கி, உயரத்தை அவ்வாறே விடலாம். உறுதியற்றதாயின் முழுவதும் நீக்கிவிடல் வேண்டும். இடைவழி எதுவும் நெடுங்காலத்திற்கு உதவுவதில்லை.

கிரவிலியாவில் நிலைமை சிறிது வேறு. அது இளமையிற் தலை வெட்டப்பட்டால் நன்கு தழைக்கும். முதிர்ந்தபின் அடியோடு வெட்டினாற் தழைப்பது அரிது.

காலம்

ஹட்டன், மஸ்கெலியா, நோர்வூட், வட்டவளை ஆகிய மேற்குச் சரிவுகளில் மே மாதத்திற் தொடங்கும் தென்மேற்குப் பருவக்காற்றே பெருங்காற்று. அங்கு பெரிய மரங்களின் வேலையைப் பெப்புருவரி முதல் ஏப்பிரல் நடுப்பகுதிக்குள் முடித்தல் நன்று. வலப்பனை, உடப்புசல்லாவை ஆகிய கிழக்குச் சரிவுகளில் வடகீழ்ப் பருவமழை வலியது. அங்கு யூலை முதல் செத்தெம்பர் வரை ஏற்ற காலம். நுவரெலியாவின் பள்ளமான நிலங்களில் சனவரியிலும் பெப்புருவரியிலும் தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். மேலே கவிந்த மரக்கிளை நிலத்தின் சூடு வெளியேறுவதைத் தடுத்துப் பயிரை ஓரளவு காக்கும். ஆகவே அவ்விடங்களில் உறைபனிக் காலம் கழியுமுன் நிழலை முற்றாக நீக்குதல் ஆகாது. மழை பெய்துகொண்டிருக்கும்போதும், பட்டை வழுக்கும் காலையிலும் எவரும் மரம் ஏறக் கூடாது.

கருவிகள்

கருவிகள் பலவல்ல. முள்ளுமுருக்கிற்குக் கழிக்கும் கத்தி. கைப்பருமனுள்ள கிளைகளுக்கு வளைந்த அலகுடைய, இழுக்கும்போது அறுக்கும் கைவாள். கீழிருந்தே எட்டுவதற்கு நீண்ட கழியிற் பூட்டிய வாள். கிளையை இறக்குவதற்குப் பருத்த கயிறு. ஏறுபவரைத் தாங்குவதற்கு வேறொரு கயிறும் இடுப்பையும் தொடைகளையும் சூழும் கச்சையும். தலைக்கு உறுதியான தொப்பி. கிளை இறக்கும் கயிற்றை ஆள் தொங்கும் கயிறாக ஒருபோதும் உபயோகிக்கக் கூடாது. பாரமான கிளைகளின் இழுப்பினால் உள்ளிழைகள் அறுந்திருப்பது வெளியே தெரியாது. மூங்கில் ஏணியை மரத்தோடு சாய்த்து, அறுக்கப்படும் கிளையின்மேலேயே அதனைத் தாங்கச் செய்தவர்கள் உண்டு. கிளை போனபின் ஏணி எங்கே நிற்கும் என்பதை ஏறுமுன் எண்ணுதல் வேண்டும்.

கத்தியால் கொத்திய வெட்டைவிட வாளால் அறுத்த வெட்டு விரைவில் மூடும். மழுங்கிய வாள் ஆளையும் மரத்தையும் ஒருங்கே களைக்கச் செய்யும். வாளை ஒவ்வொரு நாளும் வேலை முடிந்தபின் பிசின் போகத் துடைத்து, எண்ணெய் தடவி, அரத்தாற் பல் தீட்டி வைத்தல் வேண்டும். சங்கிலி வாள் ஒரு நாள் வேலையை ஒரு மணித்தியாலத்திற் செய்யும். அவ்வாறே ஒரு நொடியிற் காலையும் அறுக்கும். ஏணிமேல் நின்றோ, தோளுக்கு மேல் உயர்த்தியோ, ஒரு கையாலோ அதனை இயக்கலாகாது. அலகின் மேல்நுனி கட்டையிற் பட்டால் வாள் முகத்தை நோக்கித் திரும்பியடிக்கும். பயிற்சியில்லாதவர் இரவல் வாங்கி உபயோகிக்கும் கருவி அதுவன்று.

ஏறுமுன் பார்க்க வேண்டியவை

முதலிற் பார்க்க வேண்டியது குளவிக் கூடு. தோட்டங்களிற் குளவி என்று பொதுவாகக் கூறப்படுவனவற்றுள், உயர்ந்த மரக்கிளைகளிலே தொங்கும் பெருந்தேனீக் கூடுகளும் அடங்கும். வாளின் அதிர்ச்சியாலோ, பருந்து மோதியதாலோ கலைந்தால் அவை மரத்திலுள்ளவரை மட்டுமன்றி, அண்மையிற் கொழுந்து பறிப்போரையும் பாத்தியில் வேலை செய்வோரையும் தாக்கும். இவ்வகைத் தாக்குதலால் மலைநாட்டில் உயிர்கள் பலியாகியுள்ளன. கூடுள்ள மரத்தில் அன்று வேலை இல்லையென்பதே விதி. புகையிட்டு விரட்டத் துணிவதும் அயலவருக்குத் தீங்காகும்.

அடுத்தது மின்கம்பி. கிளை கம்பியைத் தொட்டுக்கொண்டிராவிடினும், விழும்போது தொடக்கூடுமாயின், மின்சாரம் வழங்குவோருக்கு அறிவித்து, ஓட்டத்தை நிறுத்திய பின்னரே வேலை தொடங்குதல் வேண்டும். ஈரமான கிளையும் கயிறும் மின்சாரத்தைக் கடத்தும்.

பின்னர் மரத்தைச் சுற்றி வந்து அடியிலிருந்து நுனிவரை நோக்குக. அடியில் அல்லது வேரில் காளான் போன்ற தட்டுகள் முளைத்திருப்பின், உள்ளே அழுகல் நெடுங்காலம் நடந்துவிட்டதென்பது பொருள். மரச்சுத்தியலாற் தட்டும்போது பறை போல ஒலித்தால் உள்ளே வெறுமை உண்டு. காற்று வரும் பக்கத்தில் வேரடி மண் வெடித்தோ மேலெழுந்தோ இருப்பின், வேர் பிடி விட்டுக்கொண்டிருக்கின்றது. அத்தகைய மரத்தில் ஏறக் கூடாது, அதன்கீழ் உறங்கவும் கூடாது. இரு தண்டுகள் குறுகிய கவையாகப் பிரியுமிடத்திற் பட்டை உள்நோக்கி மடிந்திருந்தால், அவ்விரண்டும் ஒட்டியிருப்பனவாய்த் தோன்றினும் ஒட்டியிருப்பனவல்ல.

மரக்கறிச் செய்கையாளர் தம்மை அறியாமலே செய்யும் கேடுகளை இங்கு சிறிது விரித்துக் கூறுதல் தகும். மரத்தின் வேர்களிற் பெரும்பாலானவை நிலத்தின் மேல் இரண்டடிக்குள்ளேயே, கிளைகள் விரிந்துள்ள எல்லைக்கும் அப்பாற் படர்ந்திருக்கும். பாத்திக்காகவோ வடிகாலுக்காகவோ மரத்தின் மேற்சரிவில் மண்ணை வெட்டி எடுக்கும்போது, மரத்தைப் பிடித்து நிறுத்தும் பருத்த வேர்கள் அறுபடுகின்றன. இலை பசுமையாகவே இருப்பதால் ஒருவரும் ஐயுறுவதில்லை. மண் நனைந்து இளகும் முதற் பெருமழையில் மரம் வேரோடு சாயும். தோண்டிய மண்ணை மரத்தின் அடியிற் குவித்தல் இன்னொரு கேடு. மண்ணுள் மூடப்பட்ட பட்டை மூச்சின்றி அழுகும். களைகளையும் பயிர்க் கழிவையும் மரத்தடியிற் போட்டு எரித்தால் அப்பக்கத்து மாறிழையம் வெந்து இறக்கும். தண்டின் பருமன் ஓரடியாயின், அதனைச் சுற்றிப் பத்தடிக்குள் ஆழமாக வெட்டாதிருத்தல் நல்ல அளவாகும். அவ்விடத்திற் பாத்தி அமைப்பதானால், வெட்டாமல் மேலே தழையும் கூட்டெருவும் பரப்பி, ஆழ வேரில்லாத பயிரை வைக்கலாம். நிழல் காரணமாக அங்கு கிடைக்கும் விளைவு எவ்வாறும் சொற்பமே. அதற்காக வேரை அறுப்பது கணக்கிற்கும் ஒவ்வாதது.

மரத்தை வீழ்த்துதல்

நீக்கியே தீர வேண்டிய மரத்தை, இடமிருப்பின் அடியில் வெட்டி வீழ்த்தலாம். வீடு, வீதி, கம்பி ஆகியவற்றிற்கு அருகிலாயின் மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்குதல் வேண்டும். அடியில் வெட்டுகையில், விழவேண்டிய பக்கத்தில் தண்டின் பருமனில் நாலிலொன்று ஆழத்திற்கு வாய் போல ஒரு துண்டை வெட்டி எடுத்து, பின்பு எதிர்ப்புறத்திலிருந்து, அவ்வாயின் அடிமட்டத்திற்குச் சற்று உயரத்தில் அறுத்து வருக. இரு வெட்டுகளும் சந்திக்க விடக் கூடாது. இடையே பருமனிற் பத்திலொரு பங்கு கட்டை கதவின் பிணைச்சல் போல நிற்றல் வேண்டும். மரத்தை உரிய திசையில் நடத்துவது அதுவே. சரிவான நிலத்தில் மரத்தை நேர் கீழ்நோக்கி வீழ்த்துவதிலும், சரிவுக்குக் குறுக்காக வீழ்த்துதல் நன்று. வெட்டுவோர் தாம் விலகிச் செல்லும் வழியைப் பின்புறத்திற் சாய்வாக முன்கூட்டியே துப்புரவு செய்தல் வேண்டும். ஏனையோர் மரத்தின் உயரத்தில் இருமடங்கு தூரத்திற்கு அப்பால் நிற்றல் வேண்டும். விழுந்த மரத்தைத் துண்டாக்கும்போது எப்பொழுதும் மேற்சரிவில் நிற்றல் வேண்டும். உருளும் கட்டை கீழே நிற்பவரைத் தேடிச் செல்லும்.

வீழ்த்தியபின் அடிக்கட்டை ஒரு தனி வினாவாகும். தேயிலைக்கிடையே நின்ற கிரவிலியாவின் பச்சை அடிக்கட்டையில் உசுட்டுலினா என்னும் பங்கசு குடியேறி, வேர் வழியாக அயலிலுள்ள தேயிலைச் செடிகளைக் கொல்வதுண்டு. இந்நோயைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதற் பணிப்பாளரான தொமசு பெச் ஆராய்ந்துள்ளார். இதனைத் தவிர்க்க, வீழ்த்துவதற்கு ஓராண்டோ அதற்கு மேலோ முன்பே தண்டின் அடியிற் பட்டையை மாறிழையத்தோடு அகன்ற வளையமாக நீக்கிவிடுவர். இலை சமைத்த உணவு வேருக்கு இறங்காது. வேரிலுள்ள மாப்பொருள் செலவாகிவிடும். பங்கசுக்கு உணவு எஞ்சாது. ஆபிரிக்காவிலுள்ள நியாசலாந்தின் தேயிலைத் தோட்டங்களில் லீச் என்பவர் 1930ஆம் ஆண்டுகளில் இம்முறையின் பயனைக் காட்டினார். ஆயினும் வளையமிட்ட மரம் நின்றபடியே இறந்து கிளைகளை உதிர்ப்பதாதலின், லயம், பாதை, பாடசாலை ஆகியவற்றிற்கு அருகில் இதனைச் செய்யக் கூடாது.

அனுமதியும் அடிக்கட்டையும்

தோட்டத்துக்கு உரிய மரத்தைத் தோட்ட நிருவாகத்தின் எழுத்துமூல இசைவின்றித் தொடலாகாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றை வெட்டுவதற்கு 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க மரம் வெட்டுதல் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அனுமதி பெறுதல் வேண்டும். பிரதேச செயலகத்தில் விசாரித்து, அபாயமான மரமெனின் அதனை மழைக்கு முன்பே எழுத்தில் முறையிட்டு, முறைப்பாட்டின் பிரதியை வைத்துக்கொள்ளல் நன்று. வாயாற் சொன்ன முறைப்பாடு மழையோடு போய்விடும்.

செங்குத்தான சரிவிலே நின்ற மரத்தின் அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம். மரம் வெட்டப்பட்ட பின்னரும் வேர்கள் சில ஆண்டுகள் மண்ணைப் பிடித்திருக்கும். அவை உக்கிப் புதிய வேர்கள் இன்னும் படராத இடைக்காலமே மண் மிகத் தளர்ந்திருக்கும் காலம். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கொணர்ந்த மழையில் மலைநாட்டின் பல இடங்களில் மண் சரிந்தது. ஆழத்திலிருந்து வழுக்கும் அத்தகைய பெருஞ்சரிவை மரவேர் தடுக்காது. ஆயினும் மேல்மண் ஓரிரண்டடி வழுக்குவதை அது தடுக்கும். ஆகவே மரத்தை நீக்குவதற்கு இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்னரே அதன் அயலில் முள்ளுமுருக்கோ அவ்விடத்திற்கு ஏற்ற வேறு சிறுமரமோ நட்டு வேர்விடச் செய்தல் வேண்டும். யூக்கலிப்டசாயின் அடிக்கட்டையே தழைக்கும். நிலத்திலிருந்து நான்கு அங்குல உயரத்தில், நீர் வழிந்தோடும்படி சற்றுச் சாய்வாக அறுத்துவிட்டால், சில மாதங்களிற் பல கொப்புகள் புறப்படும். அவை ஆளுயரம் வந்ததும், நிலத்துக்கு அண்மையிற் தோன்றியவற்றுள் உறுதியான இரண்டை, காற்று வரும் பக்கத்தனவாகத் தெரிந்து விட்டு, ஏனையவற்றை அடியோடு நீக்குக. அவை கம்புப் பருமனானதும் வெட்டிப் போஞ்சிக்குக் கொடிக்கம்பாக உபயோகிக்கலாம். வேர் உயிரோடு மண்ணிற் கிடக்கும்.